வேம்புவின் மத்தியானத் தூக்கம்

வேம்பு மத்தியானத்தில் தூங்கினால் வெண்ணிக்கோட்டகத்தில் ஏதாவது ஒன்று மாறிப்போகும். ராத்திரியில் அவளுக்கு வருவது எல்லோருக்கும் வருகிற கனவுதான். பகலில் கண் செருகும் நேரத்தில் மட்டும், யாராவது தாம் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி அவள் காதில் எதைச் சொன்னாலும் அதுவே கனவாக வரும். விழித்துப் பார்த்தால் அதுவே நடந்திருக்கும்.

ஏழு வயதில் இது தெரிந்தது. செத்துப்போன கன்றுக்காக அழுதபடியே தூங்கிய பிள்ளையை, "கன்னுக்குட்டி கொட்டாயில நிக்குதுடி" என்று சித்தி மங்களாம்பிகை தேற்றினாள். எழுந்தபோது கன்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அது செத்ததும் புதைத்ததும் சொன்ன சித்திக்கும் கனவு கண்டவளுக்கும் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "வெளியில மூச்சு விடாதே" என்று அதட்டிய சித்தியே, மிராசுதார் பஞ்சநதம் வீட்டுக் கொல்லையில் பழைய சோறு வாங்கும்போது அதை உளறிவிட்டு வந்தாள்.

அன்று பிடித்தது சனி. பயிர் காய்ந்தால் பஞ்சநதம் ஆள் அனுப்புவார். நெல் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று காதில் சொல்வார். எழுந்து போகும்போது அவள் முந்தானையில் கொஞ்சம் நொய் விழும். தண்ணீர் ஊருக்கெல்லாம்தானே பாய்கிறது என்று வேம்புவும் பேசாமல் இருந்தாள்.

நாகூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பஞ்சநதத்திடம் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தவன் பக்கிரி. அந்த வயலில் நடவுக்குப் போன வேம்புவைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். கண்ணாத்தாள் என்று ஒரு மகள் பிறந்தாள். எட்டு வயதில், முன்பல் விழுந்த வாயோடு, தன்னைவிடப் பெரிய புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு, "யம்மா, வழி விடு" என்று அதட்டிக்கொண்டே வருவாள். வேம்புவுக்கு உயிர் அங்கேதான் இருந்தது.

ஆட்சி மாறி இரண்டு வருஷத்தில், குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. வயலுக்கு வயல் சிவப்புக் கொடி, தகராறு, போலீஸ். பஞ்சநதம் வேம்புவைக் கூப்பிட்டார்.

"பக்கிரி கூலிக்கு உழுவுறான், குத்தகை இல்ல. இவ்வளவுதான் சொல்லப்போறேன். மாட்டேன்னா மனையைக் காலி பண்ணு. மனை என்னுது."

குழந்தையைத் தெருவில் நிறுத்த முடியுமா? படுத்தாள். சொன்னபடிதான் அவரும் சொன்னார். அவளுக்குக் கண் செருகியது. அப்போது அந்த மனிதருக்கு ஒரு பயம் வந்தது. தாசில்தார் பழைய அடங்கல் கணக்கைப் புரட்டினால் பத்து வருஷமாகப் பக்கிரி பெயர் வருமே. மறுபடியும் குனிந்து, "பக்கிரின்னு ஒருத்தன் இந்த ஊருக்கே வந்ததில்ல" என்றார்.

வேம்புவுக்குக் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

விழித்து வீட்டுக்கு ஓடினாள். ஒரு தட்டு, ஒரு பாய். பக்கத்து வீட்டுக்காரி, "எந்தப் பொண்ணு? நீதான் கட்டிக்காமலே நின்னுட்டியே" என்றாள். அப்படியே திரும்பிக் கொட்டகைக்கு ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள்.

"எம் பொண்ணு எங்கய்யா?"

பஞ்சநதத்தின் முகம் வெளுத்தது. அவருக்கும் ஞாபகம் இருந்தது. "புள்ளைய நான் நெனைக்கல வேம்பு" என்றார்.

"இப்பவே சொல்லுங்க. படுத்துக்கிறேன்."

"பதிவு முடியட்டும்."

பாவி மனுஷன், அந்த ஒரு வார்த்தையை வைத்தே அவளைக் கட்டிப்போட்டார். பதிவு முடிந்ததும் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, அதன் பிறகு வழக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மத்தியானம் படுத்தாள். எழும்போதெல்லாம் "அடுத்த தடவை" என்றார்.

வேம்பு நாகூர் போய்ப் பக்கிரியைத் தேடிப்பிடித்தாள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வேறு பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். "யாரும்மா நீங்க, என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

சிவப்புக் கொடி பிடிக்கும் விவசாயச் சங்கத்து அமிர்தலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் நம்பவில்லை. ஆனாலும் இரக்கப்பட்டு, அவள் படுத்திருக்கையில், "கண்ணாத்தா புல்லுக்கட்டோட வருதுக்கா" என்றான். அவன் புல்லுக்கட்டைப் பார்த்திருக்கிறான், கண்ணாத்தாளைப் பார்த்ததில்லை. விழித்தபோது வாசலில் ஈரம் சொட்டும் ஒரு புல்லுக்கட்டு மட்டும் கிடந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அமிர்தலிங்கம் அந்த ஈரப் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அக்கா, அப்படியே கூலி ஒசந்துடுச்சுன்னு ஒரு தடவை படுங்களேன்" என்றான். அதற்கும் படுத்தாள். கூலி உயர்ந்தது. ஊரில் யாருக்கும் எதனால் என்று தெரியாது.

பன்னிரண்டு வருஷம் கழித்துப் பஞ்சநதம் பக்கவாதத்தில் விழுந்தார். பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் பட்டணத்தில் இருந்தார்கள். கொட்டகையைத் தாண்டி வேம்புவை விடாத வீட்டில் இப்போது அவள்தான் அவரைத் துடைத்துவிடுகிறாள், கஞ்சி புகட்டுகிறாள். என்ன விசுவாசம் என்று ஊர் மெச்சுகிறது. விசுவாசமாவது மண்ணாவது.

மத்தியானமானால் கட்டிலடியில் படுத்துக் காதை அவர் வாய்ப் பக்கம் வைத்துக்கொள்கிறாள்.

"சொல்லுங்கய்யா. கண்ணாத்தா வந்துட்டான்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

இப்போது அவருக்கும் மனசு இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வழிய வாயைக் கோணிக்கோணிப் பார்க்கிறார். காற்றுதான் வருகிறது. அவர் வாய் திறக்கக் காத்திருந்து காத்திருந்து அவள் தூங்கிப்போகிறாள், வெறும் தூக்கம். எழுந்ததும் அவர் வாயைத் துடைத்துவிட்டுக் கஞ்சிக்கு உலை வைக்கிறாள். இந்த உலகத்தில் கண்ணாத்தாளைப் பார்த்த இன்னொரு ஆள் அவர்தான் என்பதால், அவரைச் சாக விடாமல் வைத்திருக்கிறாள்.