மருகா அல்ல, மறுகா

இறால் வாங்க வந்த ரீச்சர் ஒருவர் "இது நேத்தையதா?" என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நிஸாமின் அழைப்பு வந்தது. ஏறாவூர் நிஸாம், எங்களுடைய ட்ரம்ஸ்காரன். "தவம் அக்கா, றொட்னி அண்ணன் மௌத்தாகிட்டார்" என்றான். "நேத்துப் பின்னேரம் அந்தாள் போட்ட சத்தத்துக்கு மௌத்தானது அயல் வீட்டு ஆக்களாக்கும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு நிஸாம் சிரிக்காமல் இருந்து நான் கண்டதேயில்லை. செய்தி உண்மை என்று அதில்தான் எனக்கு விளங்கியது.

முச்சக்கரவண்டி ஒன்றுக்குக் கிளச் கேபிள் மாற்றி முடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அதே வண்டியில்தான் ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். வண்டி போய்ச் சேருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திருத்தின வேலை சரியா என்று தானே ஏறிப் பார்த்துவிட்டுப் போன மெக்கானிக் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அழுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. "நான் செத்தா, அவன் வந்து என்ட தலைமாட்டில நிண்டு அந்தப் பாட்டைப் பாட விடாத புள்ள" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த 'அவன்' யார், 'அந்தப் பாட்டு' எது, நான் விட்டேனா விடவில்லையா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எழுத்தில் மட்டும் நான் பிழை விட மாட்டேன். அது எது என்று போகப் போகத் தெரியும்.

பாட்டுக் கட்டுகிறவர்களுக்கான நம்முடைய வட்ஸ்அப் குழுவில் இருக்கிற உங்களில் பலர் றொட்னி அண்ணனைக் குரலில் மட்டும்தான் அறிவீர்கள். கல்லடியில் மோட்டார் கராஜ் வைத்திருந்தார். மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். பின்னேரமானால் ஸ்பெனர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிற்றாரை மாட்டிக்கொள்வார். வெளிநாட்டில் ஆட்கள் இப்படித்தான் வாகனம் விடும் கொட்டிலுக்குள் நின்று கத்திப் பாடுவார்களாம், அதற்கு கராஜ் பங்க் என்று பெயராம். அதைப் போனில் கண்டுபிடித்த நாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் இவ்வளவு காலமும் செய்ததுக்கு ஒரு பேர் இரிக்குப் புள்ள" என்று றோட்டில் போகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னார்.

என் கடை கராஜுக்கு எதிரே. கடை என்றால் ஒரு குடை, ஒரு பலகை, ஒரு தராசு. அவர் பாட்டொன்றைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் கேட்டால், கிற்றாருக்கு நடுவில் "வாவி இறால்!" என்று என் கூவல் கேட்டிருக்கிறது. றோட்டைத் தாண்டி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு முறைத்தேன்.

"புள்ள, அதை இன்னொருக்காக் கத்து."

"எத்தனை கிலோ வேணும்?"

"இறால் வேணாங்கா. கத்துறதுதான் வேணும். எங்கட பங்க் பாட்டுக்கு."

"பங்கா? பங்கெண்டா எனக்கு எவ்வளவு பங்கு?"

"சத்தத்தில பாதி."

இப்படித்தான் நான் பாடகியானேன். அயலில் உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். "வாவியில மீன் பாடுற ஊரெண்டு பெருமை பேசுறாங்க, மீன்காரி பாடினா மட்டும் காதைப் பொத்துறாங்க" என்று அவர் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவார்.

பாட்டுக் கட்டுவது எப்படி என்று குழுவில் யார் கேட்டாலும் மறுமொழி சொல்லுவார். "கிற்றாரில மூண்டு கோட்ஸ் காணும். நாலாவது வந்தா அது கலியாண வீட்டுப் பாட்டு." "ஏசுற மாதிரி எழுது. ஏசக்குள்ள ஒருத்தரும் சொல்லுத் தேடுறதில்ல." வெல்லாவெளியிலிருந்து ஒருவர், உழவு மெசின் பக்கத்தில் ஓட ஓட ஒரு பாட்டுப் பாடி அனுப்பினார். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். சத்தமில்லாத இடத்தில் போய்ப் பாடு என்று புத்தி சொன்னார்கள். றொட்னி அண்ணன் போட்ட மறுமொழி எனக்கு இன்னும் பாடம்: "மெசினை நிப்பாட்டிராத தம்பி. உன்னைவிட அது தாளத்தில நிக்குது." அந்த வெல்லாவெளிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பாட்டுக்கு இரண்டு மெசின் வைத்தார்.

வாடகை மோட்டார் சைக்கிளின் செயின் அறுந்து, ஒரு வெள்ளைக்காரப் பொடியன் கராஜில் வந்து நின்றதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அவன் தன் நாட்டில் இசைக்குழு வைத்திருக்கிறவனாம். செயினை மறந்துவிட்டு எங்கள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். இந்தக் கரகரப்பு எந்தக் கருவியில் வருகிறது, என்ன விலை, எங்கே வாங்கலாம் என்று கேட்டான். நிஸாம்தான் அவனுக்கு இங்கிலிஷில் விளங்கப்படுத்தினான். ஸ்பீக்கரை எலி கடித்திருந்தது. அதில் விழுந்த ஓட்டையில்தான் அந்தச் சத்தம். "எலியை விப்பீங்களா எண்டு கேக்கிறான்" என்றான் நிஸாம். "அது எங்கட குறூப்பில பழைய ஆள், விடமாட்டம் எண்டு சொல்லு" என்றார் அண்ணன்.

இனி, 'அவன்'.

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவனுக்கு விளம்பரம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர் சாப்பிடும்போது கீபோட் வாசிக்கிறவன். வெளியூர்க்காரன். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதால் நானும் மாஸ்டர் என்றே வைக்கிறேன். ஒருநாள் கார் திருத்த வந்தவன் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, "புதுவருஷத்துக்கு ஹோட்டல்ல உங்களுக்கு மேடை தாறன்" என்றான். மேடை, லைட், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் தருவதாகச் சொன்னான். றொட்னி அண்ணன் அந்தக் காரை ஆசையோடு திருத்திக் கொடுத்தார். புதுவருஷத்துக்கு முதல்நாள் நாங்கள் சாமான்களோடு போனால், குசினிக்குப் பின்னால் உள்ள கேற்றில் நிறுத்தி வைத்தான். நாளைக்கு வா என்றான். மறுநாளும் அதே கேற். கடைசியில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து, "இது பாட்டில்ல, சத்தம். விருந்தாளிகள் எழும்பிப் போயிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். குசினிப் பொடியன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். றொட்னி அண்ணனின் காது சிவந்ததை நான் அப்போதுதான் முதலில் கண்டேன்.

திரும்பி வரும்போது, பட்டா என்கிற குட்டி லொறியின் பின்தட்டில், கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நாங்களும் அங்கேதான் நின்றோம். ஆனாலும் சொன்னார். மனம் ஆறவில்லை.

"மேடை தாறன் எண்டான்."

"மறுகா?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மறுகா என்றால் 'பிறகு' என்று அர்த்தம். தமிழர், முஸ்லிம் எல்லோரும் சொல்லுகிற சொல். ஒருவர் அளந்துகொண்டிருக்கும்போது 'மறுகா?' என்று ஒரு இழுவை இழுத்தால், 'சரி சரி, மிச்சப் புளுகையும் அவிழ்த்து விடு' என்றும் அர்த்தம் வரும்.

"லைட் போடுறன் எண்டான்."

"மறுகா?" என்றான் நிஸாம்.

"நாளைக்கு வா எண்டான்."

"மறுகா? மறுகா?" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம். றொட்னி அண்ணன் கிற்றாரை நிமிர்த்தினார். வண்டி வீடு வந்து சேர்ந்தபோது பாட்டும் முடிந்திருந்தது. அவருடைய பாட்டுகளிலே நல்ல பாட்டு அதுதான். குழுவில் போட்ட அன்றைக்கு நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஆடிவேல் காலத்தில், கோயில் ஒன்றில் ஒலிபெருக்கி அதே மெட்டில் பாடியது. நான் தேங்காய் உடைக்கக் கை ஓங்கியபடி நின்றுவிட்டேன். மெட்டு எங்களுடையது. குரல் மாஸ்டருடையது. வரிகள்: 'மேடை தருவாய் மருகா, ஒளியும் தருவாய் மருகா, நாளை வருவாய் மருகா, மருகா!' சங்கதி விளங்குகிறதா? குழுவில் கிடந்த எங்கள் பாட்டை அந்த மனிதன் தூக்கியிருக்கிறான். 'மறுகா' என்ற சொல் வெளியூர்க்காரனுக்குத் தெரியவில்லை. முருகனைத் திருமாலின் மருமகன் என்கிற முறையில் 'மருகா' என்று கூப்பிடுவார்களே, அது என்று நினைத்துவிட்டான். தன்னை நாங்கள் கிழித்துத் தொங்கவிட்ட ஏச்சை, தானே தூக்கிக்கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்துவிட்டான். இசை, பாடல் இரண்டுக்கும் தன் பெயரையும் போட்டுக்கொண்டான். நான் மூலஸ்தானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அப்பனே, அது உனக்கில்ல. நீ அதைக் கையேத்துப் பாரமெடுத்திராத."

றொட்னி அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். முதலில் கராஜ் தகரம் அதிரச் சிரித்தார். "வேதக்காரன் கட்டின பாட்டுக்குக் காவடி ஆடுறாங்களா புள்ள!" பிறகு போனை எடுத்தார். இரண்டு மூன்று தடவை மாஸ்டருக்கு அழைப்பு எடுத்தார். பெயரை மட்டும் போடு என்று மரியாதையாகக் கேட்டார். "உன்ட சத்தத்தை நான்தானே பாட்டாக்கினன்" என்றானாம் அவன். கொழும்பில் இருந்து வந்த ஒருவர் எங்கள் பதிவைக் கேட்டுவிட்டு, பக்திப் பாட்டைக் களவெடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள் என்று றொட்னி அண்ணனின் முகத்துக்கு நேரே சொன்னார். கள்ளன் என்று பெயர் எடுத்தது எங்கள் ஆள். அதற்குப் பிறகுதான் 'என்ட தலைமாட்டில பாட விடாத' என்றார்.

அடக்கத்தன்று கராஜுக்கு முன்னால் பந்தல். பெட்டி நடுவில். ஏறாவூரிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் நம் குழு ஆட்கள் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து இரங்கல் பேசும் நேரம், ஹோட்டல் வான் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்து. பின்னால் ஒருவர் கீபோட்டைத் தூக்கி வருகிறார். நான் உலையில் போட்ட இறால் மாதிரிக் கொதித்துப்போய் இருந்தேன். றொட்னி அண்ணனின் மனைவி எஸ்தர் மச்சாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"செத்த வீட்டில சண்டை வேணாம் தவம்."

"சண்டை பிடிக்க மாட்டன் மச்சாள். கதை கேப்பன்."

மாஸ்டர் மைக்கைப் பிடித்தான். "தம்பி றொட்னி என் கையைப் பிடித்துத்தான் இசைக்கு வந்தார்."

நான் பெண்கள் பக்கத்திலிருந்து, தணிந்த குரலில், "மறுகா?" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாடுவேன் அக்கா. அதைப் பாடத்தான் வந்தேன். அழாதீர்கள்."

வெல்லாவெளிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மாஸ்டர் தொடர்ந்தான். "நான் அந்தப் பாட்டை எழுதும்போது அவர் பக்கத்தில் இருந்து கேட்டார்."

"மறுகா?" இது நிஸாம்.

"எங்கள் ஹோட்டலில் நான்தான் அவருக்கு மேடை கொடுத்தேன்."

"மறுகா?" இந்தமுறை பாதிப் பந்தல்.

"அவருக்கு நான் ஒரு அண்ணனைப்போல..."

"மறுகா?" முழுப் பந்தலும். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வயதான மாமிமாரும் சேர்ந்து. நிஸாம் ஒயில் பரல் ஒன்றில் தாளம் போட்டான். அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கியது. கண்ணாடியைக் கழற்றினான். எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இவ்வளவு காலமும் கோயில் கோயிலாக என்ன பாடித் திரிந்தோம் என்பது அந்த முகத்தில் எழுத்து எழுத்தாக ஏறியதைப் பார்த்தேன். அவசரமாகக் கீபோட்டில் கைவைத்தான். நான் எழும்பி, வாவியின் அக்கரைக்கும் கேட்கிற மாதிரி எங்கள் பாட்டை எடுத்தேன். மூன்று கோட்ஸ் கூட இல்லை. பரலும் வாயும்தான். பந்தலே பாடியது. போதகர் பாடவில்லை, ஆனால் அவர் சப்பாத்து தாளம் போட்டதை நான் கண்டேன்.

முடிந்ததும் எஸ்தர் மச்சாள் எழும்பி வந்து, அழுத முகத்தோடு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "மாஸ்டர், நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கேற் முன்பக்கந்தான்."

அவன் குடிக்கவில்லை. கீபோட்டைத் தூக்கிவந்தவர் மட்டும் நின்று குடித்தார்.

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பரப்பியும் விட்டீர்கள். போன கிழமை ஒரு திருவிழாவில் அவன் மேடையேறி "வணக்கம்" என்று சொன்னதுமே, முன்னால் நின்ற பெண் பிள்ளைகள் "மறுகா?" என்றார்களாம். கேட்டபோது எனக்குச் சோறு இரண்டு கோப்பை கூடுதலாக இறங்கியது. போதகர் என்னிடம், மன்னித்துவிடு மகள் என்றார். றொட்னி அண்ணன் மன்னித்தாரா என்பது அவருக்கும் கர்த்தருக்கும் இடையிலான விஷயம். எனக்கு அதில் வேலையில்லை.

அண்ணனின் கிற்றாரை மச்சாள் வைத்திருக்கிறாள். பதிவுகள் நிஸாமிடம். அவர் படம் உங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய எதிரி. வேறு யாருக்கும் அவனைக் கொடுக்க மாட்டேன். கவனமாக வைத்துப் பார்த்துக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை முருகனிடம் போய் அவனுக்காக அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன்: நோய்நொடி இல்லாமல், தொண்டை கட்டாமல், நூறு வயதுவரை மேடை மேடையாக ஏறிப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மேடைக்கும் முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் கிடைக்க வேண்டும்.