தடை மேல் தடை வாங்கிய ஆக்டேவ் கில்ரி

என் தம்பி ஆக்டேவ் கில்ரியைப் பற்றி டிவிக்காரர்கள் பேசியதையெல்லாம் ஓரமாக வையுங்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான், அவனுடைய அக்கா ரெனெல்லா. பெல் ரிவ் நெடுஞ்சாலையில், பெட்ரோல் பங்குக் கடையில், சோறும் பன்றிக்கறியும் திணித்த சூடான பூடான் விற்கிறேன். எனக்கு எதையும் மெல்லச் சொல்ல வராது. கடைக்கு வருகிறவர்கள், "ரெனெல்லா, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசு" என்பார்கள். ஆக்டேவ் ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்களும் மூச்சு விட மறந்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பக்கத்து ஊர் போர்ட் கேலோனோடு ஆட்டம். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையால் எறிகிறவன் எறிவான், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பான், பிடித்தவனை எதிராளிகள் மண்ணில் சாய்ப்பார்கள். எங்கள் ஊரில் இது தெரியாமல் எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. அன்றைக்குப் பேய்மழை. தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசி வாய்ப்பு. எங்கள் பையன் எறிந்த பந்து ஈரத்தில் வழுக்கி, அடிபட்ட வௌவால் மாதிரி தள்ளாடிக்கொண்டு போகிறது. ஆக்டேவின் சட்டையை ஒருத்தன் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுக்கிறான். டர்ரென்று கிழிகிறது! இவன் பாதிச் சட்டையோடு எழும்பினான். ஒற்றைக் கைதான் நீட்ட முடிந்தது. பந்து அந்த விரல்களில் போய்ப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்படியே கோட்டைத் தாண்டி விழுந்தான். டச்டவுன்!

எங்கள் அம்மா எர்லீன், விரித்த குடையோடு மைதானத்துக்குள் ஓடினாள். நடுவர் அம்மாவைத் துரத்த, அம்மா தன் பிள்ளையைத் துரத்த, ஊரே சேற்றில் குதித்தது.

"எம் புள்ள சட்டையக் கிழிச்சவன் எவன்டா? புதுச் சட்ட குடுத்துட்டுப் போங்கடா!" என்று போர்ட் கேலோன்காரர்களைப் பார்த்து அவள் போட்ட கூச்சல் இன்றைக்கும் ஊரில் பழமொழி மாதிரி புழங்குகிறது.

கல்லூரியிலும் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. பிறகு, வடக்கே பனி கொட்டுகிற பெரிய நகரம் ஒன்றின் அணி அவனை எடுத்தது. பெயர் அறிவித்த அன்று எங்கள் கொல்லையில் சேற்று இறால் அண்டா அண்டாவாக வெந்தது. அம்மா அழுதுகொண்டே ஆடினாள், ஆடிக்கொண்டே எல்லோரையும் அதட்டினாள்.

"அக்கா, இங்க மூக்குக்குள்ள இருக்கற முடிகூட உறைஞ்சு போவுது" என்று அங்கிருந்து போன் செய்வான்.

"முடி போனாப் போவட்டும். பந்து போச்சு, தோல உரிச்சுடுவேன்" என்பேன்.

பந்து போகவே இல்லை. முதல் வருஷமே அந்த நகரம் அவன் பின்னால் பைத்தியமாகத் திரிந்தது. இரண்டு பேர் நடுவில் புகுந்து பிடிப்பான். முதுகைக் காட்டிக்கொண்டே பிடிப்பான். விழுந்து, உருண்டு, எழுந்து மறுபடி ஓடுவான். நான் கடையில் டிவியைப் போட்டுவிட்டு பூடானைக் கருக விடுவேன். யாரும் குறை சொன்னதில்லை, அவர்களும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்பிலிருந்தே இறால் குட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கஞ்சா புகைத்தவன் அவன். ஊரில் பாதிப் பேர் புகைத்தார்கள். எங்களுக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. ஆட்டங்களை நடத்துகிற லீக்குக்குப் பட்டது. இரண்டாவது வருஷம் சிறுநீர்ச் சோதனையில் மாட்டினான். நான்கு ஆட்டம் தடை.

"இதுக்குப் போயா?" என்று ஊர் சிரித்தது. தடை முடிந்து திரும்பிய முதல் ஆட்டத்திலேயே மூன்று டச்டவுன் போட்டான். "பாத்தியா, ஓய்வு குடுத்திருக்காங்க" என்று நாங்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு லீக் அவன் மேல் ஒரு கண் வைத்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தாலும், சோதனைக்குச் சிறுநீர் வாங்கிப் போக, கையில் ஒரு பெட்டியோடு ஸ்டெல்லி என்ற ஆள் காலையில் கதவைத் தட்டுவார். ரொம்ப மரியாதையான மனிதர். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

"வாங்க தம்பி, மொதல்ல ஒரு கிண்ணம் கம்போ சூப்பு குடிங்க. அவன் மூத்திரம் எங்கயும் ஓடிடாது."

ஒரு நாள் ஓடியே போனது! முந்தின நாள் நண்பர்களோடு புகைத்திருந்தான். ஸ்டெல்லி கம்போ குடித்துக்கொண்டிருக்க, இவன் குளியலறை ஜன்னல் வழியாகக் குதித்து, நெல் வயலுக்குள் பாய்ந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் தெறிக்க, கொக்குகள் பறக்க, என்ன ஓட்டம்! நாட்டிலேயே வேகமான கால்கள் எங்கள் மாமாவின் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, சோதனைக்கு நிக்காம போனா மாட்டின மாதிரிதான்" என்றார். அவருக்கே வருத்தம்.

சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பியவனிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஓடறதுக்குக் கடவுள் காலு குடுத்தான். எங்க ஓடறதுன்னு நீதானடா பாக்கணும்?"

இரண்டாவது தடை, பாதி வருஷத்துக்கு மேல். திரும்பி வந்தபோது தோள்பட்டையில் அடி. வலிக்கு மாத்திரை. மாத்திரை தீர்ந்த பிறகும் மாத்திரை. அது கிடைக்காத நாளில் குடி. குடித்துக்கொண்டே ஆடினான், அப்போதும் நன்றாகத்தான் ஆடினான், அதுதான் வினை. 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். மூன்றாவது முறை மாட்டியபோது, மறு உத்தரவு வரும் வரை ஆடக் கூடாது என்றது லீக். அணி அவனைக் கழற்றி விட்டது. அவனை மடியில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே டிவிக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுப் பூடானை ஒழுங்காக வேக வைத்தேன்.

வீட்டுக்கு வந்தவன் குடித்தான், தூங்கினான், எழுந்து குடித்தான். புத்தி சொன்னால், "அக்கா, நான் நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்" என்பான். அந்த நாளை வரவே இல்லை.

கடைசியில் அது வந்தது ஒரு புனித வெள்ளியன்று. கொல்லையில் வழக்கம்போல சேற்று இறால் வேகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அண்டாவில் போட நான் எலுமிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே அவன் நின்றான். "டேய், இந்தா பிடி" என்று ஒன்றை வீசினேன். கைக்கு எட்டுகிற தூரம். மெதுவாகத்தான் வீசினேன். இவன் கையை நீட்டினான், காற்றைப் பிடித்தான். எலுமிச்சை நெஞ்சில் பட்டு, புல்லில் உருண்டது.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "லீக் கண்ணுல பட்டா இதுக்கும் தடை போடுவான்!" என்றார் ஒரு பெரியப்பா.

ஆக்டேவ் சிரிக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னான்: "அக்கா, எனக்கு ரெண்டு எலுமிச்ச தெரிஞ்சுது. நான் தப்பானதப் பிடிச்சுட்டேன்."

பிறந்ததிலிருந்து அவன் கையிலிருந்து ஒன்றும் தவறியதில்லை. குழந்தையில் தொட்டிலிலிருந்து தான் விழுந்தபோதுகூடப் பால் புட்டியை விடவில்லை என்பாள் அம்மா. அடுப்பை அப்படியே பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, "வண்டில ஏறுடா" என்றேன். ஏறினான். வடக்கே பைன் காட்டுக்குள் இருக்கிற சிகிச்சை இல்லத்துக்கு ஓட்டினேன். வழி நெடுக அவன் நடுங்கினான். நான் பேசிக்கொண்டே வந்தேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கோடை முடிந்து திரும்பியபோது கண்ணில் வெளிச்சம் இருந்தது. லீக்கும் தடையை நீக்கியது. ஒரு அணி கூப்பிட்டு ஓட விட்டுப் பார்த்தது. "பிரமாதம், சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. முப்பது வயது, மூன்று தடை, யாருக்கு வேண்டும்? இவன் மாமாவின் குட்டைகளில் இறால் கூடைகளைத் தூக்கப் போனான். குடிக்கவில்லை. ஆனால் பந்தையும் தொடவில்லை.

அப்போதுதான் ப்ரூடோம் என் கடைக்கு வந்தார். டிராக்டர் விற்கிறவர். வார இறுதியில், மாடு பிடிக்கும் ரோடியோ கொட்டகைக்குள் ஆடுகிற 'தண்ணிப் பாம்புகள்' என்ற சின்ன ஃபுட்பால் அணிக்குக் கோச். பூடானை மென்றபடி, கூடையோடு உள்ளே வந்த ஆக்டேவைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அந்தக் கையில இறால்தான் இருக்கணும்னு வேண்டுதலா?"

"உங்க ஆட்டம் குட்டி ஆட்டம் கோச். நாலு எட்டு ஓடினா சுவர்ல இடிச்சுக்கணும்."

"சுவருக்கு மெத்தை கட்டியிருக்கோம். பயப்படாத, தாயி!"

தன்னைத் 'தாயி' என்றதும் ஆக்டேவுக்குச் சுருக்கென்றது. எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்! ஆனால் அவன் கேட்டது வேறு. "கோச், உங்க லீக்ல டெஸ்ட் யாரு எடுக்கறாங்க?"

"டெஸ்டா? மூத்திரக் கப்பைத் தூக்கிக்கிட்டு வர எங்ககிட்ட ஆளு ஏதுப்பா?"

ஆக்டேவின் முகம் விழுந்தது. "அப்ப நான் வரல. யாரும் பாக்கலன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

கடையின் மூலையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா கத்தியோடு எழுந்தாள். "யாரும் பாக்கலையா? ஏன்டா, நான் செத்துப் போயிட்டனா?"

முதல் ஆட்டத்தன்று கொட்டகை வாசலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆக்டேவ் வந்தான். "ஊதுடா!" ஊதினான். முகர்ந்தாள். "கண்ணக் காட்டு!" காட்டினான். "போ." பின்னால் வந்த மற்ற ஆட்டக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "என்னங்கடா சிரிப்பு? வரிசைல நில்லுங்க!" அவ்வளவுதான். மலைமலையாக இருந்த ஆண்கள் எல்லோரும் தலையைக் குனிந்து, ஒவ்வொருவராக அம்மாவின் மூக்கில் ஊதிவிட்டு உள்ளே போனார்கள். கோச் ப்ரூடோமும் ஊதினார். "வெங்காயம் தின்னிருக்க, போ" என்றாள்.

எதிரணி டெக்சாஸ்காரர்கள். கொட்டகை நிரம்பி வழிந்தது. ஆக்டேவின் முதல் பந்து மோவாயில் பட்டுத் தெறித்தது. "கிழவா, வீட்டுக்குப் போ!" என்று டெக்சாஸ் பக்கம் கத்தியது. இரண்டாவது பந்தைப் பிடித்தான். மூன்றாவது, பிடித்த கையோடு ஒருத்தனைச் சுற்றிவிட்டு டச்டவுன்! எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசி நிமிஷம். ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கிறோம், ஒரு டச்டவுன் போட்டால் ஆறு. எங்கள் ஆள் பந்தைக் கோட்டுக்கு அப்பால் இருக்கிற மூலைக்கு எறிந்தான். உயரம்! ரொம்ப உயரம்! சுவருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆக்டேவ் ஓடுகிறான். சுவர் வருகிறது. நிற்கவில்லை! வயிறு சுவர் விளிம்பில் மடிய, தலைகீழாக எழும்பி, இரண்டு கையாலும் பந்தை வாரி அணைத்து, அப்படியே அந்தப் பக்கம், முதல் வரிசையில், சீஸ் வழிகிற சிப்ஸ் தட்டு வைத்திருந்த ஒரு குண்டு அம்மாள் மடியில் போய் விழுந்தான்.

கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சீஸ் அப்பிய ஒரு கை மேலே வந்தது. அதில் பந்து! நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். டச்டவுன்! ஜெயித்துவிட்டோம்!

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றான் ஆக்டேவ்.

"இன்னொரு தடவ விழுப்பா" என்றார் அந்த அம்மாள்.

வெளியே வந்ததும் கூட்டம் அவனைத் தூக்கியது. எவனோ சந்தோஷத்தில் ஒரு பீர் புட்டியை அவன் தலையில் கவிழ்த்துவிட்டான். பீர் நெற்றியில், மூக்கில், உதட்டில் வழிகிறது. ஆக்டேவ் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான். கண் மட்டும் என்னைத் தேடியது. எனக்கு என்ன வேகம் வந்ததோ! குதிரை கழுவுகிற ரப்பர் குழாயை இழுத்து வந்து, முழுத் தண்ணீரையும் அவன் முகத்தில் அடித்தேன். "இன்னும் அடி அக்கா, இன்னும்!" என்று வாய் திறந்து கத்தினான், சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

அவனை உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நேத்து ரெண்டு கிளாஸ்" என்றான். அம்மாவிடமும் கோச்சிடமும் தானே போய்ச் சொன்னான்.

"சரி, இப்ப நான் என்னடா பண்ணணும்?" என்றார் ப்ரூடோம். தடை போட்டுப் பழக்கமில்லாதவர்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் கோச். எனக்கு ஒரு ஆட்டம் தடை. நானே போட்டுக்கிட்டேன்."

அந்த ஆட்டத்தை அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்தான் என்றா சொன்னேன்? அவன் இடத்தில் ஆடியவன் பந்தை விட்ட ஒவ்வொரு தடவையும், எழுந்து நின்று, நடுவரை, கோச்சை, மெத்தையை, சுவரை, எல்லாவற்றையும் திட்டினான். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். கடைசியில் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, வாயில் ஒரு துண்டு பூடானைத் திணித்தாள்.