இரண்டு முறை தட்டினால் நிறுத்த வேண்டும்

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பயந்துபோய் மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். பயம் எப்போதோ தெளிந்துவிட்டது. ஒன்பது வருடமாக என்னைவிட்டுப் போகாமல் இருப்பது வெட்கம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் வரும் நேரமெல்லாம் சரியான நேரம். ஸ்டீயரிங்குக்கு மேலே பச்சை எழுத்தில் மின்னும் ஒரு கடிகாரத்தை ஒட்டி வைத்திருந்தோம். அந்த இரவு முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் லாரி டிரைவர். வண்டி முப்பது வருடப் பழசு. இப்போது வருகிற லாரிகளில் சீட்டுக்குப் பின்னாலேயே மெத்தை, விளக்கு, போன் சார்ஜ் போட இடம் என்று ஒரு குட்டி வீடே இருக்கிறது. எங்கள் வண்டியில் கேபினின் முதுகில் ஒட்டவைத்த மாதிரி ஒரு தகரப் பெட்டி. உள்ளே பலகை, அதன்மேல் ஒரு மெத்தை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். அதற்குள் புக வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். அதை மூட, இழுக்கும் பலகை ஒன்று.

இரண்டு டிரைவர்கள் நாங்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பெட்டிக்குள் தூங்க வேண்டும். அவர் படுத்த சூடு ஆறுமுன் நான் படுப்பேன். நான் எழுந்த சூட்டில் அவர் படுப்பார். ஒரே தலையணை, ஒரே போர்வை. டீசல் வாடை, அவர் தலையெண்ணெய் வாடை, என் வேர்வை வாடை எல்லாம் கலந்து அந்த மெத்தைக்கென்று தனியாக ஒரு வாடை இருந்தது. லாரிகள் நிற்கும் யார்டில் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று கிண்டல் செய்வார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத புருஷன் பெண்டாட்டி.

அந்த இன்னொரு டிரைவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர், எல்லாம் அவர்தான். அதிகம் பேச மாட்டார். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஊமை ஹாரன்'.

என்ஜின் ஓடும்போது பெட்டிக்குள்ளிருந்து கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. ஜன்னல் பலகையில் ஒரு முறை தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு முறை தட்டினால் வண்டியை நிறுத்த வேண்டும். ஒன்றுக்குப் போவதோ, வயிற்றுவலியோ, எதுவாக இருந்தாலும் இரண்டு தட்டு. பதினோரு வருடத்தில் அவர் தட்டி நான் நிறுத்தாமல் போனதில்லை.

அன்று பத்தொன்பதாவது நாள். பத்தொன்பது நாளாக வீட்டுப் பக்கம் போகவில்லை. அச்சகத்துக்குப் பேப்பர் ரோல் ஏற்றிக்கொண்டு போனோம். இறக்க வேண்டிய கிடங்கில் காலை ஐந்து மணிக்குக் கேட் திறப்பார்கள். முதல் பத்து வண்டிக்குள் நின்றுவிட்டால் காலையிலேயே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதினொன்றாவது வண்டி என்றால் மறுநாள்தான். இன்னொரு இரவு அந்தப் பெட்டிக்குள்.

எனக்கு என் வீட்டுக் கட்டில் வேண்டியிருந்தது. கால் நீட்டிப் புரண்டு படுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருக்கும்.

மத்தியானத்திலிருந்தே மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். எனக்கு எரிச்சல். சாயங்காலம் சாப்பிட நிறுத்திய இடத்தில், நாலைந்து டிரைவர்கள் முன்னால், "எங்க மாமாவுக்கு வண்டி அவசரமா போகணும்னா மட்டும் கரெக்டா வியாதி வந்துடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கை நெஞ்சிலேயே இருந்தது.

இரவு 9:30. ஆள் மாறினோம். பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் சற்று நேரம் நின்றார்.

"மாப்ள, ஒரு மாதிரியா இருக்கு."

"படுத்தா சரியாயிடும். ஏறுங்க."

ஏறிப் படுத்தார். கதவை நான்தான் வெளியிலிருந்து தள்ளிச் சாத்தினேன்.

நான்கு மணி நேரம் நன்றாகப் போனது. மழை இல்லை. சாலை காலி. பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

சரியாக 1:40.

டக், டக்.

இரண்டு தட்டு. பிரேக் மேல் கால் போய்விட்டது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று மணி நேர ஓட்டம். நிறுத்தினால் அவர் இறங்கி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற இருபது நிமிடம் போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன்.

2:05.

டக், டக்.

அதே வேகம். அதே அழுத்தம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். இதைச் செய்தது நான்தான், இந்தக் கையால்தான்.

2:30-க்கு ஒரு டீசல் பங்க் வந்தது. எனக்கே ஒன்றுக்கு முட்டியதால் நிறுத்தினேன். அவருக்காக நிறுத்தவில்லை. போய்விட்டு வந்து சீட்டில் உட்கார்ந்ததும்தான் மனசு கேட்கவில்லை. என்ஜினைப் போடாமல் ஜன்னல் பலகையை இழுத்தேன். உள்ளே இருட்டு.

"மாமா... எப்படி இருக்கு?"

பதில் இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். அப்போது, இருட்டுக்குள்ளிருந்து, மெதுவாக...

டக்.

ஒரு தட்டு. தண்ணீர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பாட்டிலின் மூடியைத் திறந்து ஜன்னல் வழியாக நீட்டினேன். விரல்கள் வந்து வாங்கிக்கொண்டன. என் விரலில் பட்டன. சில்லென்று இருந்தன. அது கோடை. அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும். உள்ளே படுத்தவன் கை எப்படிச் சில்லென்று இருக்கும்?

அதை யோசிப்பதற்குள் பலகை மூடிக்கொண்டது. உள்ளிருந்து.

தண்ணீர் கேட்கிற அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

3:15.

டக், டக்.

பதினைந்து நொடி. மறுபடி, டக், டக்.

மறுபடி.

மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. வளைவில் சாய்ந்தது. உள்ளே இருக்கிற மனிதன் உருண்டிருக்க வேண்டும். தட்டு மட்டும் மாறவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினைந்து நொடிக்கு ஒருமுறை. ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை.

3:40. சத்தம் ஜன்னலிலிருந்து நகர்ந்தது. என் தலைக்கு நேர் பின்னால் வந்தது. சீட் அதிர்வது முதுகில் தெரிந்தது.

பாட்டை நிறுத்தினேன். சத்தமாகச் சொன்னேன். "இன்னும் ஒரு மணி நேரம் மாமா. பொறுத்துக்கங்க."

நின்றது.

4:02. ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைத்தேன்.

அமைதி.

மாமா குறட்டை விடுவார். என்ஜின் நின்றால் கேபினே அதிரும். அன்று குறட்டை இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. காதைப் பலகையில் வைத்தேன். ஒன்றுமே இல்லை...

காதுக்கு அந்தப் பக்கம்.

டக், டக்.

துள்ளி எழுந்தேன். தலை கூரையில் இடித்தது.

இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய்ப் பெட்டிக் கதவைத் திறக்க பத்து அடி நடக்க வேண்டும்.

நான் இறங்கவில்லை.

உள்ளே ஏதோ சரியில்லை என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கவில்லை. என் சொந்த மாமா. என் அக்கா புருஷன்.

ரயில் போனது. கேட் திறந்தது. சாவியைத் திருப்பினேன்.

டக், டக். டக், டக். டக், டக்.

இடைவெளியே இல்லை.

ஓட்டினேன்.

4:48. கிடங்கு தெரிந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என்ஜினை அணைத்த அந்த நொடியில் தட்டும் நின்றது.

முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணினேன். ஆறு. எங்களுடையது ஏழாவது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளிச்சமும் ஆட்களும் இருந்ததால் பயமும் போய்விட்டது. இறங்கி நேராக டீக்கடைக்குப் போனேன். நான் ஒரு டீ குடித்தேன். அவருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து 5:10-க்குத்தான் பெட்டிக் கதவைத் திறந்தேன்.

மாமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலை கதவுப் பக்கம், கால் ஜன்னல் பக்கம். அங்கிருந்து கை ஜன்னலுக்கு எட்டாது. போர்வை கழுத்துவரை இழுத்துவிட்டபடி சுருக்கமில்லாமல் இருந்தது. தோளைத் தொட்டு உலுக்கினேன். முழு ஆளும் ஒரு பலகை மாதிரி அப்படியே அசைந்தார்.

டீ என் கையிலேயே கொட்டியது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர் பாட்டில் அவர் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றது. காலி. மெத்தையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

போலீஸ்காரர் வந்தார். இரவில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அவரிடமும் இல்லை என்றேன். மத்தியானம் அக்கா வந்தாள். அழவில்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னக் கூப்பிட்டாராடா?"

"இல்லக்கா."

"ஒரு தடவகூடவா?"

"சத்தமே வரலக்கா. வந்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனால் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் லாரி ஓட்டுவதை விட்டேன். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. பகல் வேலை. ராத்திரி வீட்டுக் கட்டிலில்தான் படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கழித்து அக்காவே போன் செய்து வரச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்திருந்தது. சமையலறை மேசைமேல் காகிதம் கிடந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ் அதைப் படித்து அவளுக்கு விளக்கியிருந்தாள். அக்காவின் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் என் தலையில் கை வைத்தாள்.

"படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டாராம்டா. பத்து மணி, பத்தரைக்குள்ள. தூக்கத்துலயே."

பத்தரை.

முதல் தட்டு 1:40-க்கு.

அக்கா பேசிக்கொண்டே போனாள். நான் சொன்னது உண்மைதான் என்றும், கூப்பிடவே அவருக்கு நேரம் இருந்திருக்காது என்றும், தெரியாமல் என்னைச் சந்தேகப்பட்டுவிட்டதாகவும் சொன்னாள். பிறகு சின்ன வயதில் செய்கிற மாதிரி என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"மனசுல வச்சுக்காதடா. அக்கா தப்பா நெனச்சுட்டேன்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்லிவிடலாம், அவர் இறந்ததற்கு நான் காரணமில்லை என்று காகிதமே சொல்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியபோது அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாதே. உயிரோடு இருக்கிற மனிதன் தட்டுகிறான் என்று நினைத்துத்தானே கூட்டினேன்.



அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டினாள்.

"இது மட்டும் என்னன்னு அந்த நர்சுக்கே புரியல. வலது கை விரல் முட்டி நாலுலயும் தோல் உரிஞ்சு, எலும்பு தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்காம். ஆனா ரத்தமே வரலையாம். உயிர் போனதுக்கு அப்புறம் பட்ட காயம்னு எழுதியிருக்கு." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அது எப்படிடா?"

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை இறுக்கினேன். அவளுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னேன்.

"உடம்ப வண்டியிலேர்ந்து கீழ இறக்கும்போது கதவுல உரசியிருக்கும்கா."

அக்கா தலையாட்டினாள். காகிதத்தை நாலாக மடித்து, அவருடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்து, பீரோவைப் பூட்டினாள்.