வரிசையில் நின்ற குழவி

என் வீட்டு பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு குழவிக்கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அம்மி கிடையாது, குழவி மட்டும். மிளகாயும் மஞ்சளும் அரைத்து அரைத்து நடுப்பகுதி வழுவழுப்பாகிவிட்டது. ஒரு முனையில் மட்டும் சிமென்டில் உரசிய தழும்பும் குழாய்த் துருவின் செம்மையும் ஒட்டியிருக்கின்றன. அழுத்தித் தேய்த்தால் போய்விடும்தான், நான் தேய்ப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், மிக்ஸி காலத்தில் இது எதற்கு என்று கேட்கிறார்கள். ஒருவருக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் காபி ஆறிவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், மதராஸ் ராஜ்யத்தை விட்டு மைசூர் ராஜ்யத்துக்கு, குடியாத்தத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தோம். தறி ஓடாமல் போனதால் நைனா முந்திய ஆண்டே சுரங்க வேலைக்கு வந்துவிட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கவயலின் பாலகாட் சுரங்கத்தை ஒட்டி அவருக்கு ஒரு லைன் வீடு கிடைத்தது. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெருமுனையில் ஒரு குழாய். பங்காருபேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பம் ரயிலில் ஏறியபோது அம்மாவின் இடுப்பில் கடைக்குட்டித் தம்பி, கையில் பழைய சேலையில் சுற்றிய இந்தக் குழவி. பிள்ளைகள் ஏழு பேர், நான் நான்காவது. அம்மி குடியாத்தத்தில் மாமா வீட்டுப் புழக்கடையிலேயே தங்கிவிட்டது.

"அம்மிய அங்க வுட்டுட்டு குழவிய இன்னாத்துக்கு தூக்கிக்கினு வர்ற?" என்று எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த நைனா கேட்டார்.

"நான் திரும்பிப் போற வரைக்கும் என் அம்மியில வேற யாரும் அரைக்கக் கூடாது இல்ல," என்றாள் அம்மா.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைனா இங்கே சம்பாதிக்கட்டும், கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளோடு ஊர் திரும்பிவிட வேண்டும், மாமா வந்து கூட்டிப்போவார் என்பது அவள் முடிவு. ஓராண்டு தனியாகப் பொங்கித் தின்று, ஷிப்ட் முடிந்து இருட்டு வீட்டைத் திறந்து நுழைந்த நைனாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவர் வாதாடவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளைக் கொடியில் போடச் சொன்னார். அம்மா தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினாள். அந்தக் கோடை முழுக்க எங்கள் உடுப்புகள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்து போயின.

குழவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெயர் வைக்கும் நாளில் தொட்டிலில் முதலில் குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். எங்கள் ஏழு பேருக்கும் முன்னால் அந்தத் தொட்டிலில் படுத்தது இந்தக் கல்தான். அந்தக் கணக்கில் எங்களுக்கு அதுதான் மூத்தது.

வந்த மறுநாள் காலையிலேயே அம்மா ஒரு காரியம் செய்தாள். அவள் சுத்தக்காரி, குப்பையைக் கண்டால் கை சும்மா இருக்காது. குழாயடியில் கல்லும் அரைச்செங்கல்லும் ஓட்டை டப்பாவும் பானை வாயுமாகக் கிடந்தன. "நாலு பேர் தண்ணி புடிக்கிற எடத்த இப்பிடியா போட்டு வெப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தனையையும் வாரிப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, தரையைப் பளிச்சென்று பெருக்கிவிட்டாள். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

மத்தியானம் சுரங்கத்துச் சங்கு ஊதியது. தண்ணீர் வருகிற நேரம் அது. பெண்கள் குடங்களோடு வந்தார்கள், வந்து அப்படியே நின்றார்கள். கோடையில் பேத்தமங்கலத்து ஏரியில் தண்ணீர் குறைந்து குழாய் நூலாக ஒழுகும் என்பதால் ஒவ்வொரு வீடும் காலையிலேயே ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் அங்கே. கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் அதைத் தொடமாட்டார்கள். வெள்ளைக்கோடு ஓடும் கல் மேஸ்திரி வீட்டுக்கு, சுரங்கத்தில் துளை போட்டு எடுத்த உருளைக்கல் மூன்றாம் வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு என்று கல்லைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார்கள். அந்த மொத்தத் தெருவையும்தான் அம்மா பள்ளத்தில் கொட்டியிருந்தாள்.

சண்டை வரும் என்று நான் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மேஸ்திரி வீட்டம்மா பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "இன்னாம்மா, வந்ததும் வராததுமா எங்கள எல்லாம் ஒரேயடியா தூக்கிக் கடாசிட்ட?" என்றார். எல்லோருமாகப் பள்ளத்தில் இறங்கி அவரவர் கல்லைத் தேடி எடுத்தார்கள். அம்மா துடைப்பத்தோடு தலை குனிந்து நின்றாள். "நீயும் ஒரு கல்லு வெச்சுக்கம்மா, ஏழு புள்ளைங்கள வெச்சிக்கினு கடைசியில நிக்க முடியாது," என்றார் அந்த அம்மா.

"இருக்கப்போறவங்களுக்குத்தானே கல்லு. நாங்க பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஊரப் பாத்துப் பூடுவோம்," என்றாள் அம்மா. அவமானத்தில் வந்த வீம்பு அது. வீம்புக்குத் தாகம் எடுக்காது, எங்களுக்கு எடுத்தது.

எல்லோரும் பிடித்து முடித்த பிறகு சொட்டுகிற தண்ணீர்தான் எங்களுக்கு. அதை வைத்து அம்மா நடத்திய குடித்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. தம்பியைக் குளிப்பாட்டிய தண்ணீர் பெரிய தாம்பாளத்தில் விழும், அதில் சின்னத் துணிகள் நனையும், அதே தண்ணீர் கடைசியில் வாசல் தெளிக்கப் போகும். ஷிப்ட் முடிந்து புழுதியோடு வரும் நைனாவுக்கென்று ஒரு குடம் தனியே மூடியிருக்கும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பகலில் கேழ்வரகுக் கூழும் மாங்காய்த் துண்டும். தகரக் கூரை காய்ந்து வீட்டுக்குள் இருக்க முடியாதபோது எங்களை வேலிநிழலில் வரிசையாக உட்காரவைத்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடுவாள். "வேலூர் வெயிலப் பாத்தவங்களுக்கு இது ஒரு வெயிலா?" என்பாள், துடைத்துக்கொண்டே. வெயிலைக்கூட ஊர் வெயிலுக்குக் கீழே வைத்துத்தான் அவளுக்குப் பேச வரும். ஒருமுறை வடகம் பிழிந்தாள். தங்கம் பிரித்த கழிவுமண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி வெள்ளைப் புழுதியை அதன்மேல் தூவிவிட்டது. அவ்வளவையும் குழிதோண்டிப் புதைத்தாள். அன்று சாயங்காலம் அவள் மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி அக்காவை உட்காரவைத்தாள்.

வைகாசியில் கடைக்குட்டிக்கு அம்மை வார்த்தது. பிறகு எனக்கு, பிறகு அண்ணனுக்கு. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மை அவசரப்படாது, பந்தி பரிமாறுகிற மாதிரி ஒவ்வோர் இலையாகத்தான் வரும். நைனா மாரிகுப்பத்துப் பக்கமிருந்து வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினார். அம்மா படியை விட்டு இறங்குவதில்லை. சங்கு ஊதும்போது கதவோரம் வந்து குழாய்ப் பக்கம் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். யாரிடம் போய்க் கேட்பது? கல்லே வேண்டாம் என்று சொன்னவள் அவள்.

எனக்கு வார்த்த மறுநாள் வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. பாயில் படுத்தபடி நான் பார்த்தேன். மேஸ்திரி வீட்டம்மா உள்ளே வராமல் இரண்டு குடங்களைப் படியோரம் இறக்கினார். அம்மா, "எங்களுக்குத்தான் வரிசையே கிடையாதே அக்கா," என்றாள்.

"ஆத்தா வந்த வூட்டுக்கு ஏதும்மா வரிசை? அது எப்பவும் மொதல்லதான். சொல்லக்கூடாதா நீ, வேப்பிலையப் பாத்து நாங்க தெரிஞ்சிக்கணுமா?" என்றார் அந்த அம்மா.

அன்று முதல் எல்லோரையும் முந்தி எங்கள் குடம்தான் நிறைந்தது. கடைசிப் பிள்ளைக்கும் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துச் சூடாக்கி ஏழு பேருக்கும் ஊற்ற வேண்டும், எங்கே போவது அத்தனை தண்ணீருக்கு? காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வீட்டுக்கு ஒரு குடமாக வரிசை நின்றது. தெலுங்கு அம்மா மட்டும் குடத்தோடு ஒரு செம்பு மோரும் வைத்திருந்தார். அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊரை விட்டு வந்த அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றி, புதுத்துணி இல்லாததால் துவைத்த துணி உடுத்தி, நெற்றியில் விபூதி பூசினாள். பிறகு உள்ளே போய்க் குழவியை எடுத்தாள். அம்மி இல்லாமல் என்ன அரைக்கப்போகிறாள் என்று பார்த்தால், இடுப்பில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். குழாயடியில் எல்லாக் கற்களுக்கும் கடைசியில் அதை நிறுத்திவிட்டு வந்தாள். நைனா வேலிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட ஆரம்பித்தார்.

கடிதம் கண்டு மாமா வந்தார். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் குழாயடி. தன் வீட்டில் கிடக்கும் அம்மியின் குழவியை அவருக்குத் தெரியாதா? வேட்டி நுனியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தவர், "இன்னாம்மா, குழவி தெருவுல நிக்குது?" என்றார்.

"தெருவுல இல்லண்ணா, வரிசையில நிக்குது," என்றாள் அம்மா. மாமா சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டிக்குத் தனியாகத்தான் திரும்பினார்.

அம்மா அந்த லைனில்தான் கிழவியானாள். அவளுக்குப் பிறகு குழவி என்னோடு வந்துவிட்டது. இப்போது நான் இருப்பது பெங்களூரில் ஓர் அடுக்ககத்தில். இந்தக் கோடையில் தண்ணீர் லாரியில் வருகிறது. வந்துவிட்டது என்று போனில் சேதி வரும், குழாயைத் திறந்தால் கொட்டும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவசியமே இல்லை. போன வாரம் வேலைக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு வந்தவள், அம்மாவைப் போலவே சுத்தக்காரி. பால்கனியைப் பெருக்கிக்கொண்டே வந்தவள் குழவியைப் பார்த்து நின்றாள். "அம்மா, இந்தக் கல்லத் தூக்கிக் கீழ போட்டுடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா," என்றேன். "அது வரிசையில நிக்குது."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். உட்காரச் சொல்லி, காபி போட உள்ளே போனேன்.