கடையில் மட்டும் ஓடும் டிரில்

மூன்றாவது முறையாக அந்த கார்ட்லெஸ் டிரில் என் மேஜைக்கு வந்தபோது ராசாத்தி எதுவும் பேசவில்லை. வைத்துவிட்டு நின்றார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே பவர் டூல்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. விற்பனையும் உண்டு, ரிப்பேரும் உண்டு. திட்டுகிற கஸ்டமரைச் சமாளித்துவிடுவேன். பேசாமல் நிற்பவரிடம்தான் எனக்கு வியர்க்கும்.

ராசாத்தி நாகலூர்க்காரர். ஹோம்ஸ்டே ஜன்னல்களுக்குக் குரங்கு வராமல் கம்பி வலை அடிப்பது அவர் வேலை. எனக்குத் தெரிந்து மலையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். டிரில் என் கடையில் வாங்கியதுதான். புகார் ஒன்றே ஒன்று: நாலு ஓட்டை போட்டதும் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

முதல் முறை டிரிக்கர் சுவிட்சை மாற்றினேன். இரண்டாம் முறை கார்பன் பிரஷ்ஷை மாற்றி, பேட்டரி டெர்மினலைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். இரண்டு முறையும் கடையில் மரத்துண்டில் இருபது ஓட்டை போட்டுக் காட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோளாறு மெஷினில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? அனுபவசாலியான நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

"நொம்ப அழுத்திப் புடிக்கிறீங்க அம்மிணி. லோடு தாங்காம கட் ஆவுது" என்றேன்.

அதையும் நம்பிப் போய், மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்திருக்கிறார். கரடியூர் ஹோம்ஸ்டே மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பொம்பளை கையில் மெஷின் ஓடாது என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் மீதி ஒன்பது ஜன்னலும் முடியாவிட்டால் சேலத்திலிருந்து ஆள் வரும், இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்று வியாழன்.

மூன்றாவது முறையும் கடையில் அந்த டிரில் சமர்த்தாக ஓடியது.

"பாய், இங்க ஓடுறதப் பாத்து எனக்கு என்ன ஆவப்போவுது? அங்க வந்து பாருங்க" என்றார் ராசாத்தி.

சைட்டுக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள் நான். ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸில் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கரடியூர் போனேன்.

நல்ல பனி. வேலையாட்கள் சில்வர் ஓக் சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு குரங்குக் குல்லாய்க்குள் இரண்டு பேட்டரிகளும் உட்கார்ந்து குளிர் காய்ந்தன. தொட்டேன், கையைச் சுட்டது. ராத்திரியிலும் அடுப்புக்கு மேலே, மிளகு காயவைக்கும் பரணில்தான் அவற்றுக்குப் படுக்கையாம்.

சூடு அதிகமானால் கரண்டை நிறுத்துகிற சர்க்யூட் ஒன்று பேட்டரிக்குள் உண்டு. ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருக்கும் பேட்டரியை மாட்டினால் நாலு ஓட்டையில் அது கட் செய்துவிடும். இங்கிருந்து பஸ் பிடித்து என் கடைக்கு வருவதற்குள் ஆறிவிடும், ஓடும். மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பேட்டரிக்கு நெருப்பு காட்டச் சொன்னது யாருங்க?" என்று மேனேஜர் காதில் விழும்படி சத்தமாகவே கேட்டேன்.

"நீங்கதானுங்க பாய்" என்றார் ராசாத்தி நிதானமாக. "வாங்குறப்ப சொன்னீங்களே, மலைக் குளிர் பட்டா பேட்டரி செத்துரும், சூடு ஆறாம பாத்துக்கங்கன்னு."

சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் சொல்கிறேன். விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதே. எனக்கு வெட்கமாகிவிட்டது. மேனேஜரிடம் போய், தப்பு மெஷினுடையதும் இல்லை, அந்த அம்மிணியுடையதும் இல்லை, என்னுடையது என்றேன். அந்த மூன்றாவது பகுதியைச் சொல்ல நாக்கு சுலபத்தில் புரளவில்லை.

குல்லாயைக் கழற்றிப் பேட்டரிகளைக் காற்றாட வைத்தோம். அரை மணி நேரத்தில் ஆறின. சாயங்காலத்துக்குள் ஒன்பது ஜன்னலும் முடிந்தன. மேனேஜர் ஒவ்வொரு வலையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து பங்களாவுக்கும் அளவு எடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை ராசாத்தி கடைக்கு வந்து, கழற்றிய சுவிட்சும் பிரஷ்ஷும் இருந்தால் கொடுக்கச் சொன்னார். அவை நன்றாகத்தானே இருந்தன என்றார். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் எந்த மெஷின் ரிப்பேருக்கு வந்தாலும், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் கஸ்டமரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "இத வாங்குறப்ப நான் உங்களுக்கு என்னங்க சொன்னேன்?"