துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவள்

வெடிச்சத்தம் கேட்டபோது யூலிற்றா கிணற்றடியில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். சந்தியிலிருந்த காவலரண் பக்கமாக முதலில் ஒரு தொடர் வெடி. பிறகு எல்லாப் பக்கத்தாலும் சுட்டார்கள். அது 1997 மாசி மாதம்; செட்டிகுளத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் நின்றவர்கள் அரிவாளோடு வரம்போரம் விழுந்து படுத்தார்கள்.

யூலிற்றா ஓடவில்லை. மகள் பிரேமினி பள்ளிக்கூடம் போயிருந்தாள்; சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கொடுத்தபடி கிணற்றுக் கட்டோடு ஒட்டிக் குந்தினாள். அப்போதுதான் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு பொடியன் உள்ளே விழுந்தான். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். வயிற்றை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தான், விரல்களுக்கு இடையால் குடல் தெரிந்தது. மற்றக் கையில் துவக்கு. வாழைகளுக்கு இடையில் நாலடி தவழ்ந்து வந்து, "அக்கா, தண்ணி" என்றான்.

வயிற்றுக் காயக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்தாள். அவன் அந்தச் சேலைத் துணியைப் பல்லால் கடித்து இழுத்தான். பல்லை விடுவிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அவள் அந்த மண்ணில் பிறந்தவள் அல்ல. முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சிற்றூர். புருசன் பேதுரு களப்பில் இறால் பிடித்தவன். 1990இல் ஒரு நாள் படையினர் ஊருக்குள் வந்து தேடியபோது மீன்பிடி வாடி ஒன்றின் கூரைக்குள் துவக்குச் சன்னங்கள் அகப்பட்டன. யாருடையவை என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்களைக் கரையில் முழங்காலில் இருத்திப் பின்தலையில் சுட்டார்கள். பேதுரு மூன்றாவது ஆளாக இருந்தான். ஆரேனும் ஒருவர் முன்னுக்குப் போய், இது இன்னது, இப்படி வந்தது என்று சொல்லியிருந்தால் மற்றவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அவள் வருசக்கணக்காக நம்பினாள். 96இல் முல்லைத்தீவில் பெருஞ்சண்டை நடந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியால் வந்து சேர்ந்த இடம்தான் செட்டிகுளம். அப்புத்துரை என்ற கமக்காரர் தன் வளவின் பின்பக்கம் கொட்டில் போட இடம் கொடுத்தார். அவர் வயலிலேயே களை பிடுங்கினாள், கதிர் அறுத்தாள்.

இப்போது அவரைத்தான் கூப்பிட ஓடினாள். அப்புத்துரையும் அவர் மனைவி விமலேஸ்வரியும் வீட்டுக்குள் நிலத்தோடு படுத்திருந்தார்கள்.

"ஐயா, எங்கட கிணத்தடியில ஒரு பொடியன் செத்துக் கிடக்கிறான். துவக்கும் கிடக்கு."

அப்புத்துரை எழும்புவதற்குள் பின்னால் ஒரு வெடி வெடித்தது. மிகக் கிட்ட. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய ஆறு வயதுப் பேத்தி கம்சா வாழையடியில் மல்லாந்து கிடந்தாள். துவக்கு அவள் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. செத்துவிட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து வீரிட்டு அழுதது. இழுத்துப் பார்த்த இழுவையில் விசையில் விரல் பட்டிருக்கிறது, உதைப்பில் விழுந்திருக்கிறது. பட்டியில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கழுத்துக் கிழிந்து, காலை உதறிக்கொண்டு கிடந்தது.

யூலிற்றா துவக்கைப் பறித்தாள். குழாய் கையைச் சுட்டது.

"கிணத்துக்குள்ள போடு பிள்ளை!" என்று அப்புத்துரை கத்தினார். "போட்டிட்டு ஓடு!"

"இந்த வெடி அவங்களுக்குக் கேட்டிருக்கும் ஐயா. இப்ப சுட்டுக்கொண்டு வருவாங்கள். கிணத்துக்குள்ள எடுத்தாங்கள் எண்டால் இந்த ஒழுங்கையில ஒரு சனத்தையும் விடமாட்டாங்கள்."

"அதுக்கு?"

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"உனக்கென்ன விசரே?"

அவள் கொடியில் காய்ந்த வெள்ளைத் தலையணை உறையை ஒரு தடியில் கட்டினாள். துவக்கை வார்ப்பட்டியில் பிடித்து, குழாய் நிலத்தைப் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு வேலிகளுக்கு இடையிலான ஒழுங்கையில் இறங்கினாள். சந்திக்கு வெகு தூரமில்லை. வழியெல்லாம் "சுடாதேங்கோ, சுடாதேங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டே போனாள். சிங்களத்தில் அதற்கு என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது.

காவலரண் வாசலில் ஒரு பொலிஸ்காரன் முகமில்லாமல் கிடந்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். துவக்கோடு வரும் பெண்ணைக் கண்டதும் எல்லாக் குழாய்களும் திரும்பின. யூலிற்றா தெருவில் குப்புறப் படுத்துக் கைகளை விரித்தாள். முதல் உதை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு இடது காது அவளுக்கு எப்போதும் கேட்கவில்லை. துவக்குப் பிடியால் தோளில் இடித்தார்கள், முதுகில் ஏறி மிதித்தார்கள். "கொட்டி, கொட்டி" என்பது மட்டும் விளங்கியது, புலி என்று. அன்று பின்னேரம் ஒழுங்கையில் வீடுவீடாகத் தேடினார்கள். பொடியனின் சடலத்தை எடுத்தார்கள். வீடுகளை எரிக்கவில்லை, ஒருவரையும் சுடவுமில்லை. ஆனால் யூலிற்றா திரும்பி வரவில்லை.

அவளைக் கொண்டுபோன தடுப்பு முகாமில் தமிழ் பேசுகிற ஒருவன் விசாரித்தான். கேள்வி ஒன்றுதான்.

"மற்றத் துவக்குகள் எங்க?"

"எனக்குத் தெரியாது. இதொண்டுதான் கிடந்தது."

"சும்மா கிடந்த துவக்கை ஒருத்தி தானாக் கொண்டுவந்து தருவாளா? பொலிஸ்காரன் செத்தோடனே பயந்துபோய் ஒண்டைத் தந்து மற்றதுகளை மறைக்கிறாய்."

"பிள்ளையள் விளையாடுற இடம் ஐயா. ஒரு பிள்ளை எடுத்து வெடிக்க வச்சிட்டுது."

"அப்ப உங்கட வளவில சின்னப் பிள்ளைக்கும் சுடத் தெரியும்?"

என்ன சொன்னாலும் அவன் அதைத் திருப்பி அவளுக்கே எதிராக நிறுத்தினான். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். கைகளைப் பின்னால் கட்டி கூரை வளையில் தூக்கினார்கள். பெற்றோல் ஊற்றிய ஷொப்பிங் பையைத் தலையில் மாட்டிக் கழுத்தில் இறுக்கினார்கள். பக்கத்து அறையில் ஒரு ஆண் நாள் முழுதும் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். ஒரு நாள் அந்தச் சத்தம் பாதியில் நின்றது, பிறகு கேட்கவே இல்லை. அதற்கு அடுத்த விடியலில் யூலிற்றா அவர்கள் நீட்டிய கடதாசியில் கையெழுத்து வைத்தாள். சிங்களத்தில் எழுதியிருந்தது. துவக்கை மறைத்து வைத்திருந்ததாக அவளே சொன்னாள் என்று அதில் இருந்ததை நீதிமன்றத்தில்தான் அறிந்தாள்.

அவளுக்காக வந்த வழக்கறிஞர் சிவராசா வவுனியாக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சட்டத்தை விளக்கினார்.

"அது தானாச் சுடுற வகைத் துவக்கு. போன வருசம் சட்டத்தைத் திருத்தி இறுக்கிப்போட்டாங்கள். அப்பிடி ஒண்டை வச்சிருந்தா ஆயுள் மறியல், சாகுமட்டும் சிறைதான்."

"நான் வச்சிருக்கேல்ல சேர். கொண்டுபோனனான்."

"கொண்டுபோகேக்க உங்கட கையிலதானே இருந்தது?"

யூலிற்றா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் வச்சிருந்தீங்கள் எண்டதுக்கு இந்தச் சட்டத்தில இடம் இல்லை, தங்கச்சி. இருந்ததோ இல்லையோ, அவ்வளவுதான்."

வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. தெற்கே ஒரு சிறையில் இருந்தாள். கொழும்பில் குண்டு வெடித்த ஒரு நாள், மற்றக் கைதிகள் சிலர் தமிழ்ப் பெண்கள் இருந்த கூடத்துக்குள் புகுந்தார்கள். சமையலறையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிக் கிடாரத்தைத் தூக்கிவந்து வீசினார்கள், தடிகளால் அடித்தார்கள். யூலிற்றா பக்கத்தில் படுத்திருந்த வயதுபோன வீரம்மாவின் மேல் கவிழ்ந்து விழுந்தாள். முதுகுத் தோல் உரிந்துபோனது. வீரம்மாவின் முகம் தப்பியது, ஆனால் தலையில் விழுந்த அடியால் மூன்றாம் நாள் செத்துப்போனாள். காவலாளிகள் கதவைப் பூட்டிவிட்டு வெளியில் நின்றார்கள் என்பதை யூலிற்றா பிறகு யாரிடமும் முறையிடவில்லை. முறையிடப் போனால் தானே அடித்தாள் என்று எழுதுவார்கள் என்று நினைத்தாள். முன்னுக்குப் போய்ச் சொல்லுகிற பழக்கம் அதோடு அவளை விட்டுப் போயிற்று.

பிரேமினியை மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி ஒன்று ஏற்றுக்கொண்டது.

1999இல் விசாரணை தொடங்கியது. அப்புத்துரை சாட்சி சொல்ல வந்தார். வரவேண்டாம் என்று விமலேஸ்வரி காலில் விழாத குறையாகத் தடுத்தும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கூண்டில் நின்று சொன்னார்:

"என்ர பேத்தி அதைத் தூக்கி வெடிக்க வச்சவள். இந்தப் பிள்ளை பறிச்சிருக்காட்டி அடுத்த வெடி என்ர பேத்திக்குத்தான். கிணத்துக்குள்ள போடச் சொல்லி நான்தான் சொன்னனான், அவா கேக்கேல்ல. ஆரும் வெருட்டி அவா குடுக்கேல்ல. எங்களைக் காப்பாத்த எண்டு தானாக் கொண்டுபோய்க் குடுத்தவா."

நீதிபதி பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சிவராசாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. அரச தரப்புக் குறுக்கு விசாரணை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போனது.

தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்ற அந்தச் சொல் நீதிமன்றத்துக்குள் அவளைக் காப்பாற்ற வந்த சொல். வெளியே அது காட்டில் இருந்த இயக்கத்திடம் போனது. அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது. தங்கள் ஆயுதத்தை எதிரியிடம் கொடுத்தவர் துரோகி. அவருக்காகப் பேசினவரும் அதுவே.

அடுத்த தவணைக்கு முன்பு, பட்டப்பகலில், அப்புத்துரை நெல் ஆலை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள்.

"நீங்கள்தானே அப்புத்துரை?"

"ஓம் தம்பி."

"துவக்கைக் காட்டிக்குடுத்தவளுக்குச் சாட்சி சொன்ன வாய் இதுதானே?"

வாய்க்குள் சுட்டார்கள். பின்தலை பறந்து நெல் மூட்டையில் அப்பியது. ஆலையில் நின்ற சனம் இயந்திரம் ஓட ஓட விட்டுவிட்டுச் சிதறியது. சடலத்தை எடுக்க ஒருவரும் வராததால் விமலேஸ்வரியே தள்ளுவண்டி கொண்டுபோய் ஏற்றிவந்தாள்.

குறுக்கு விசாரணைக்கு நிற்க அவர் உயிரோடு இல்லாததால் அவர் சொன்ன சாட்சியின் பெறுமதி குறைந்துபோயிற்று. சிவராசா மறுபடியும் சிறைக்கு வந்தார்.

"அரச தரப்பு ஒரு வழி சொல்லுது. ஆயுள் மறியல் குற்றச்சாட்டை விடுவினம். சின்னக் குற்றம் ஒண்டை நீங்கள் ஒத்துக்கொள்ளவேணும்."

"என்ன குற்றம்?"

"ஆயுதம் இருந்ததை அறிந்தும் அதிகாரிகளுக்கு அறிவிக்கத் தவறினது."

யூலிற்றா கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். "அறிவிக்கப் போனதாலதானே சேர் நான் இஞ்ச நிக்கிறன்? அதுக்காகத்தானே அந்த மனிசன் செத்தது? அறிவிக்கேல்ல எண்டு நான் சொன்னா அவர் சொன்னது பொய்யாப் போகுமே!"

முடியாது என்று அனுப்பிவிட்டாள். ஒரு மாதிரியான வெறி அவளைப் பிடித்திருந்தது. ஆயுள் முழுக்க இருந்தாலும் சரி, அப்புத்துரையின் சொல்லை விற்கமாட்டேன் என்று கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள்.

பிரேமினி பார்க்க வந்தாள். பதினெட்டு வயதாகியிருந்தது. தாயின் முதுகுத் தழும்பை அவள் கண்டதில்லை. அன்று சட்டைக் கழுத்து விலகியதில் கண்டாள்.

"அம்மா, நீங்கள் செய்தது சரியெண்டு எனக்குத் தெரியும். அப்புத்துரை ஐயாக்கும் தெரியும். கோட்டுக்குத் தெரியாட்டி என்ன? அப்பாவும் இல்லை. எனக்கு நீங்கள் வெளியில வேணும்."

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசித்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். யூலிற்றா "ஓம்" என்றது நீதிபதிக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லவேண்டியிருந்தது. இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து நீதிபதி விடுதலை செய்தார். மாதா மாதம் பொலிசில் கையெழுத்து வைக்கவேண்டும்.

வெளியே வந்ததும் மன்னாருக்குப் போகும்படி எல்லோரும் சொன்னார்கள். அவள் முதலில் செட்டிகுளத்துக்குப் போனாள். விமலேஸ்வரி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யூலிற்றா படலையடியில் நின்றாள்.

"அக்கா, நான் கோட்டில பொய் சொல்லிப்போட்டன்."

"கேள்விப்பட்டனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

விமலேஸ்வரி நெல்லைக் காலால் கிளறிவிட்டாள். "பொய்யில எனக்குக் கோவம் இல்லை. நீ அதைக் கிணத்துக்குள்ள போட்டிருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார் எண்டு நினைப்பன். பிறகு, நீ பறிக்காட்டிப் பேத்தி இல்லையே எண்டும் நினைப்பன். நாள் முழுக்க இதுதான் எனக்கு வேலை." படலையைத் திறந்துவிட்டு, "உள்ள வா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. கெதியாப் போ, அவங்கள் இப்பவும் திரியிறாங்கள்" என்றாள்.

மன்னார்க் கரையில் யூலிற்றா மீன் காயப்போடுகிற வாடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வலது தோள் உயராது. கூடையை இடுப்பில்தான் சுமப்பாள். 2001இல் பிரேமினிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அனிஸ்ரன் சொந்த வள்ளக்காரன். மறியலில் இருந்த கதையை இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று விடுதி மதர் சொல்லியும், யூலிற்றா மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போய் அவன் தாயிடம் ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் நேசமலர் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுடைய ஒரு மகனும் காணாமற் போனவன்.

"இனியும் அப்பிடி ஒண்டு வந்தா என்ன செய்வீங்கள்?" என்று கடைசியில் கேட்டாள்.

யூலிற்றா சொன்னாள்: "பிள்ளையின்ர கையில கண்டாப் பறிப்பன். பறிச்சுப்போட்டு எங்க கொண்டுபோறதெண்டுதான் எனக்கு இன்னும் தெரியேல்ல."

நேசமலர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கலியாணத்தை ஆவணியில் வைக்கலாமா என்று கேட்டாள்.