சாவு நாளில் பிடித்த மீன்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு கிழிந்த வலைதான் இருந்தது. அதை வைத்து எங்கள் ஊரான கீரிக் கரையில் மூன்று படகு விட்டேன். எவரும் கைதூக்கி விடவில்லை. இதை எங்கும் சொல்லுவேன், இங்கும் சொல்லுகிறேன். சொல்ல வாய் கூசுவது வேறொன்று.

கனடாவிலிருக்கும் மகள் ஒரு மீன்பிடி விளையாட்டு அனுப்பியிருந்தாள். ரீவியில் கடல் தெரியும். கைக்குள் அடங்கும் ஒரு கட்டையை வீசினால் திரையில் தூண்டில் விழும். மீன் கடித்தால் கட்டை அதிரும். பெரிய ரீவியும் வாங்கி, சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தேன். ரீவிக்கு மேலே சுவரில் என் பெயரை எழுதச் சொன்னதும் நான்தான்.

அங்கே ஒரு அண்ணை இருந்தார், பழைய கடல்காரர். இடம்பெயர்வில் படகு போனது, பிறகு மனைவி. பாரிசவாதத்தில் வலக்கையும் விழுந்தது. மாதக்கணக்காகக் கட்டிலோடு கிடந்தவர் இடக்கையால் வீசப் பழகினார். பின்னேரமானால் தானாகவே எழும்பி ரீவிக்கு முன்னாலிருக்கும் கதிரைக்கு வந்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரரிடம் இன்று என்ன காற்று என்று கேட்பார். அவர் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரர், கடல் அறியாதவர். வாய்க்கு வந்த காற்றைச் சொல்லுவார். இருவரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் வெளியூர் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன், என் கொடையைக் காட்டத்தான். அன்று விடியத்தான் அந்த வயல்காரர் இறந்திருந்தார். உடல் இன்னும் பின் அறையில் இருந்தது. இன்னொரு நாள் வாங்கோ என்று சிஸ்டர் வாசலிலேயே சொன்னார். ஐந்து நிமிடம் போதும் என்றேன்.

அண்ணையைக் கதிரையில் இருத்திக் கட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

“இண்டைக்குத் தொழிலுக்குப் போறேல்லை, தம்பி.”

எங்கள் கரையில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் இறங்காது. அந்த வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இதென்ன கடலோ அண்ணை? ரீவிதானே. சும்மா வீசுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். சுவரிலிருந்த பெயரையும் பார்த்தார். பிறகு வாங்கி வீசினார். பெரிய மீனொன்று அகப்பட்டது. வந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் கதிரைக்கு வரவேயில்லை. சிஸ்டர் கூப்பிட்டபோது கை ஏலாது என்றாராம். அதே கையால்தான் சோறு சாப்பிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல் சாட்டுச் சொல்லித் திரிந்துவிட்டுப் போனேன். கட்டிலருகே நின்று, பிழை என்னில்தான் என்றேன். பரவாயில்லை என்பார் என்று நினைத்திருந்தேன். என்னிடம் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

“பிழைதான்” என்றார். “கடல் தெரியாத ஆள் கேட்டிருந்தா நான் கோவிச்சிருக்கமாட்டன். நீயும் கடல்காரன்தானே.”

விளையாட வாங்கோ என்று நான் கூப்பிடவில்லை. பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.